இருநூற்று நாற்பது எழுத்து அதிகம்

மருதங்கோட்டை ஏரி அலுவலகத்தில் மங்கையர்க்கரசி தன் சாப்பாட்டு டப்பாவைக் கம்ப்யூட்டருக்கு இடது பக்கமாக வைத்துவிட்டு, மதகை ஓர் அங்குலம் தூக்கும்படி கட்டளை அனுப்பிய அந்தச் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு, மதகும் ஏறியது, டப்பாவும் போனது. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, நெடுங்கரை ஏரியின் மதகறையில், ஷட்டர் மோட்டாரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் பார்க்கப்போன தவசி, உள்ளே டப்பா இருப்பதைப் பார்த்தான், தொட்டான், சூடாக இருந்தது, மூடியைத் திறந்தான், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் உடையாத அப்பளமும் இருந்தன, சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். வேறென்ன செய்வான், பசி நேரம்.

தவசி மங்கையின் புருஷன். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் பேசாமலிருந்து பதினோராவது நாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிதாக ஒன்றுமில்லாததற்குத்தானே பதினோரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியும்? தவசி அந்த மதகின் லஸ்கர், அதாவது ஷட்டரைத் திறந்து மூடும் ஆள். ஆறு வருஷம் இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தோள் திரண்டவன். பிறகு மோட்டார் வந்தது, கைச்சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோனார்கள், மோட்டாரை மருதங்கோட்டையிலிருந்தே இயக்கும் புரோகிராமை ஒரு சென்னைக் கம்பெனிக்காக எழுதிக் கொடுத்தது யாரென்றால் அவன் பொண்டாட்டி. டீக்கடையில் எவனோ ஒருத்தன், "ஏப்பா தவசி, நீ ரெண்டு கையால தூக்குனத உன் வீட்டுக்காரி ஒத்தை விரல்ல தூக்குதாமே?" என்று கேட்டுத் தொலைத்தான். சிரித்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளினான், மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு எடுக்காமல் போனான், பேச்சு நின்றது.

அன்று சாயங்காலம் அவன் போன் வந்தது. "குழம்புல உப்பு கம்மி" என்றான்.

மத்தியானமெல்லாம் டப்பாவைத் தேடி, அலுவலக உதவியாளர் பஞ்சவர்ணத்தை வேறு சந்தேகமாகப் பார்த்துத் தீர்த்திருந்த மங்கைக்கு அது எங்கே போனதென்று அப்போதுதான் தெரிந்தது. "நாளைக்குச் சரியாப் போடுறேங்க" என்றாள். அது தனக்கென்று கட்டிக்கொண்டு வந்த சோறு என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் மங்கையும் இல்லை, அது குடும்பமும் இல்லை.

எப்படிப் போனது என்பதை மறுநாள் காலையில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். கம்ப்யூட்டருக்குள் வெளிப்பக்கம், உட்பக்கம் என்று இரண்டு உண்டு. நாம் எழுதும் புரோகிராம்களெல்லாம் வெளிப்பக்கம் வசிப்பவை; மோட்டார், மதகு மாதிரியான இரும்புச் சாமான்களைத் தொடும் உரிமை உட்பக்கத்துக்கு மட்டும்தான். அந்த உட்பக்கத்துக்குக் கெர்னல் என்று பெயர், அங்கே சாமானுக்கு ஒன்றாக, அதை இயக்கத் தெரிந்த டிரைவர்கள் காத்திருக்கும். வெளியே இருப்பது எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு, "இந்த இடத்தில் வைத்திருக்கிறேன், இத்தனை எழுத்து எடுத்துக்கொள்" என்று சொல்ல வேண்டும், டிரைவர் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு உள்ளே போகும். மங்கையின் கட்டளை மொத்தமே பதினாறு எழுத்து. ஆனால் பின்னாடி உதவுமே என்று இருநூற்று ஐம்பத்தாறு எழுத்துக்கு இடம் பிடித்து வைத்திருந்தவள், அவசரத்தில் எழுத்தின் அளவைச் சொல்லாமல் இடத்தின் அளவைச் சொல்லிவிட்டாள், எவ்வளவு சோறு என்று கேட்டால் பானையின் அளவைச் சொல்வது மாதிரி. டிரைவராவது, "ஏம்மா, இவ்வளவா?" என்று கேட்டிருக்கலாம். கேட்காது, ஏனென்றால் டிரைவரை எழுதியவளும் அவளேதான், தன் பேச்சைத் தானே எதற்குச் சந்தேகப்படுவது என்று சரிபார்க்கும் வரியை எழுதாமல் விட்டிருந்தாள். ஆக, பதினாறு எழுத்தை எடுத்த டிரைவர், மிச்சம் இருநூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் என்ன இருந்ததோ அதையும் வழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. பக்கத்தில் டப்பா இருந்தது.

"டிரைவருன்னா எந்த ஊர்க்காரரு தாயி?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம். மங்கை விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த ஊரா இருந்தாலும் நல்ல மனுசன், ஒரு அப்பளம் நொறுங்காமக் கொண்டுபோயிருக்காரு" என்றாள்.

அன்றே திருத்தியிருக்கலாம், ஒரே ஒரு எண்ணை மாற்றும் வேலை. ஆனால் பன்னிரண்டே முக்காலுக்குத் தவசி போன் பண்ணி, "இன்னும் வரலையே" என்றான். பதினோரு நாள் கழித்துக் கேட்ட அந்தக் குரலுக்கு முன்னால் எந்த எண்ணை மாற்றுவது? உப்பைச் சரியாகப் போட்ட டப்பாவை இடது பக்கம் வைத்தாள், தட்டினாள், போனது.

ஊருக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்தால் அன்றைக்கே தெரியும். நெடுங்கரை ஏரிக்கரைக்குக் கீழே நானூறு வீடு இருக்கும் கீழக்கரைப்பட்டிக்குப் பெண் கொடுத்தவர்கள் எல்லாம் மருதங்கோட்டையில்தான் இருந்தார்கள், அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ், ஆகவே மறு வாரமே அலுவலக வாசலில் வரிசை நின்றது. பிரசவமான மகளுக்குப் பூண்டுக் குழம்பு போனது, மறந்து வைத்த மூக்குக் கண்ணாடி போனது, ரேஷன் கார்டு போனது, கல்யாணப் பத்திரிகை மஞ்சள் தடவியபடியே போனது, ஒரு தடவை பத்து நாள் கோழிக்குஞ்சுகள் இரண்டு கூடையோடு போய் அந்தப் பக்கம் கத்திக்கொண்டே இறங்கின. போன கோழி சுகமாக இருக்கிறது என்று தெரிந்ததும், ஆச்சரியம் என்று மிச்சம் மீதி ஏதாவது இருந்திருந்தால் அதுவும் தீர்ந்துபோய், கனமான பொருளைக் கொண்டுவருகிறவர்களிடம் பஞ்சவர்ணம், "டிபன் டப்பா கனத்துக்கு மேல டிரைவரு தூக்க மாட்டாரு, பிரிச்சுக் கட்டிட்டு வாங்க" என்று அதட்டும் அளவுக்கு விஷயம் பழகிவிட்டது. தவசி மதகறையில் பொருளை வாங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தான். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் எதுவும் வராது; மதகிலிருந்து திரும்ப வாங்கும் பகுதியை எழுதச் சொல்லிக் கம்பெனி கேட்கவுமில்லை, மங்கை எழுதவுமில்லை. காலிப் பாத்திரமெல்லாம் சாயங்கால பஸ்ஸில் கலகலவென்று வந்து சேர்ந்தது.

இதில் ஒரே ஒரு சங்கடம். வெறுமனே பொருளை மட்டும் அனுப்ப முடியாது, கட்டளை ஒன்று போனால்தான் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பொருளும் போகும். அதனால் முதல் பொருளுக்கு மதகை ஓர் அங்குலம் தூக்கினாள், அடுத்த பொருளுக்கு ஓர் அங்குலம் இறக்கினாள், தூக்கினாள், இறக்கினாள். கால்வாயில் தண்ணீர் மூச்சு விடுவது மாதிரி ஏறி ஏறி இறங்கியது. கால்வாயின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைச் சம்சாரிகள் லேசுப்பட்டவர்களா? தூக்கும் முறை எப்போது என்று கணக்குப் பண்ணி, வேண்டாத மாமியாருக்கெல்லாம் வெற்றிலை பாக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். அவர்கள் வயலும் நனைந்தது, மாமியார்களும் சந்தோஷப்பட்டார்கள். மங்கையும் தவசியும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை போனில் பேசிக்கொண்டார்கள். "வந்துச்சாங்க?" "வந்துருச்சு." அவ்வளவுதான் பேச்சு, ஆனாலும் அந்த இரண்டு மாதம் போல அவள் ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் சென்னையிலிருந்து தேவராஜன் சார் கூப்பிட்டார். கம்பெனியில் அவளுக்கு மேலே இருப்பவர்.

"என்னம்மா இது, அறுபது நாள்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் தடவை ஷட்டர் ஏறி இறங்கியிருக்கு? அது மதகா, தையல் மிஷினா?"

அவள் ஒன்றும் மறைக்கவில்லை. அவரும் எழுதியதை வாங்கிப் பார்த்தார், ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். கோழிக்குஞ்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருநூற்று ஐம்பத்தாறைப் பற்றித்தான் அரைமணி நேரம் பேசினார். "வெளிய இருந்து எவன் எந்த அளவைச் சொன்னாலும் டிரைவர் நம்பக் கூடாதும்மா, அது நீயா இருந்தாலும்" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்று மாலையே திருத்தினாள். புரோகிராம் பதினாறு என்றது, டிரைவர் பதினாறுக்கு மேல் கேட்டால் முடியாது என்று திருப்பி அனுப்பியது, பழையதைச் சுத்தமாக அழித்தாள். மறுநாள் வரிசை கலைந்தது. பஞ்சவர்ணம் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. டிரைவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது, பாவம், நல்ல மனுஷன் என்று வருத்தப்பட்டது, தவசி காலையிலேயே டப்பாவை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தான்.

அதற்கப்புறம்தான் மழை. வானம் பொத்துக்கொண்டதோ என்னமோ, மூன்று நாள் விடாமல் அடித்தது, நெடுங்கரை ஏரி கழுத்து வரை நிறைந்தது, மருதங்கோட்டைக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் தரைப்பாலம் முங்கியது, மதகறைக்குப் போன தவசி அங்கேயே மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டதைப் பற்றிக் கவலையில்லை, ஷட்டரை முழுக்கத் திறந்தால் தண்ணீர் உபரி வாய்க்காலில் போய்விடும். மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மங்கை முழுக்கத் திறக்கும்படி கட்டளை அனுப்பினாள். மோட்டார் ஓடியது. ஷட்டர் அசையவில்லை.

போனில் தவசி மழைக்கு மேலே கத்தினான். "பின் ஒடஞ்சிருச்சு மங்கை! மோட்டார் தண்டு சும்மா சுத்துது, பல்சக்கரத்தோட ஒட்டலை!"

மோட்டார் தண்டையும் பல்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புப் பின் அது, முழ நீளம், ஒரு முற்றிய தேங்காயின் கனம். ஏன் ஒடிந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் தடவை ஏற்றி இறக்கியது அவள் விரல். மாற்றுப் பின் ஒன்று உண்டு, ஆனால் உதிரிச் சாமானெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று போன வருஷம் எந்த அதிகாரியோ உத்தரவு போட்டதில், அது அவள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் அலமாரியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்தது.

"கரை எப்படிங்க இருக்கு?"

"மதகுச் சுவத்தோரம் கசியுது. கீழ ஊர்ல எல்லாத்தையும் பள்ளிக்கூட மாடிக்குப் போகச் சொல்லிட்டேன். அஞ்சு மணி வரைக்கும் தாங்குனா பெருசு."

"நீங்களும் கெளம்பிப் போங்க!"

"போறதுக்கு எங்க இருக்கு வழி? மதகறைய சுத்தித் தண்ணி."

கரை உடைந்தால் முதலில் போவது மதகறை. மங்கைக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். தப்பைத் திரும்பப் போட வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தெரியாமல் விட்ட தப்பைத் தெரிந்தே விடுவது லேசில்லை; அவள் பழக்கம் வரிக்கு வரி குறுக்கே வந்தது, விரல் தன்பாட்டில் பதினாறு என்று அடித்தது, சரிபார்க்கும் வரியை அழித்தால் கை மறுபடி எழுதியது. இருபது நிமிஷத்தில் ஒருவழியாக டிரைவரைப் பழையபடி கேள்வி கேட்காத ஆளாக ஆக்கி உள்ளே ஏற்றினாள். பின்னை இடது பக்கம் வைத்தாள், இருநூற்று ஐம்பத்தாறு என்று சொல்லித் தட்டினாள். பின் அங்கேயே கிடந்தது.

கதவோரம் நின்ற பஞ்சவர்ணம் மங்கையின் போனைக் காதில் வைத்துக் கேட்டுச் சொன்னாள். "ஸ்டாம்பு பேடு வந்திருக்காம் தாயி."

எண்ணை இரட்டிப்பாக்கினாள், ஐந்நூற்றுப் பன்னிரண்டு. "தண்ணி டம்ளரு."

ஆயிரத்து இருபத்து நாலு. "ஐயோ, என் வெத்தலைப் பொட்டி!"

இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுக்கு எண்ணெய்த் துணி மட்டும் உருவிக்கொண்டு போனது. உடுப்பில்லாத பின் உருண்டு மேசை விளிம்புக்கு வந்தது, அந்த மேசை எப்போதுமே அந்தப் பக்கம் சாய்வு. எடுத்து வைத்தாள், உருண்டது. எடுத்து வைத்தாள், மறுபடி உருண்டது. மணி நாலு ஐந்து. "கசிவு பெருசாயிருச்சாம்" என்றாள் பஞ்சவர்ணம். மங்கை பின்னை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், வலது கையால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று அடித்தாள், குலசாமியைக் கூப்பிட்டாள், தட்டினாள்.

பின் போனது. பிடித்திருந்தவளும் போனாள்.

முழங்கால் உயரத் தகரப் பெட்டியிலிருந்து வளர்ந்த பொம்பளை எப்படி வெளியே வந்தாள் என்று கேட்டால், கதவைத் திறந்துகொண்டுதான் வந்தாள், முதலில் பின், பிறகு பின்னைப் பிடித்த கை, பிறகு தலை, தோள், சேலை எல்லாம் வரிசையாக வந்தன, ஒரு வளையல் உடையவில்லை. தவசி அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"கிறுக்கி! இங்க எதுக்குடி வந்த?"

"நானா வந்தேன்? மொதல்ல மோட்டார நிறுத்துங்க."

நிறுத்தினான்; அங்கே இருந்தது நிறுத்தும் விசை மட்டும்தான், ஓட வைக்க மருதங்கோட்டையிலிருந்து கட்டளை வர வேண்டும். இரண்டு பேருமாகத் துவாரத்தை நேராக்கி, பின்னைச் செருகி, சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். அவன் அடித்தான், அவள் பிடித்தாள், தண்ணீர் கதவுக்கு அடியில் உள்ளே வந்து கணுக்காலை நனைத்தது. பின் உட்கார்ந்தது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது, கட்டளை கொடுக்க வேண்டிய ஆள் இங்கே நின்றுகொண்டிருக்கிறாள்.

தவசியின் போனில் பஞ்சவர்ணம் ஒப்பாரியே வைத்துக்கொண்டிருந்தாள். "பஞ்சக்கா, நான் நல்லா இருக்கேன், அழுகாதீங்க, சொல்றதக் கேளுங்க" என்றாள் மங்கை. "மறுபடி அனுப்ப ஒரே விசைதான். வலது பக்கம், இருக்கிறதிலேயே பெருசா ஒண்ணு இருக்கும். அத ஒரு தட்டு தட்டுங்க."

பஞ்சவர்ணத்தின் ஒப்பாரி நின்றது. "தட்டுனா நானும் வந்துருவேனே தாயி? அடுப்புல பால் வச்சிருக்கேன்."

மங்கைக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "கிட்டப் போகாதீங்கக்கா. ஒட்டடைக் கம்பு இருக்குல்ல, அதால வாசல்ல நின்னே குத்துங்க."

ஒட்டடைக் கம்பைத் தேடும் சத்தம் கேட்டது, "முருகா" கேட்டது, எதிலோ இடித்துக்கொண்டது கேட்டது, எந்த விசை என்று இரண்டு தரம் கேட்டது, பிறகு ஒரு டொக்.

மோட்டார் உறுமியது. பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்தது, இன்னொரு பல் நகர்ந்தது, ஷட்டர் கிரீச்சென்று முனகிக்கொண்டு எழும்பத் தொடங்கியது, தகரப் பெட்டியிலிருந்து அலுவலகத்தின் சுழல் நாற்காலி தன் ஐந்து சக்கரத்தோடும் ஒவ்வொரு சக்கரமாக இறங்கி வந்தது. கீழே மதகின் வாயில் மூன்று நாள் மழையும் ஒரே சத்தமாகப் பாய்ந்து உபரி வாய்க்காலில் விழுந்தது. அந்தச் சத்தத்தை மங்கை காலால் கேட்டாள், தரை அப்படி அதிர்ந்தது. தவசி அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தான்.

ஐந்து மணிக்குக் கரை இருந்தது. ஐந்தரைக்குத் தண்ணீர் அளவுக் கம்பில் ஒரு சாண் இறங்கியிருந்தது, சுவரோரக் கசிவு நூலாகி நின்றது, கீழக்கரைப்பட்டிப் பள்ளிக்கூட மாடியிலிருந்து ஜனங்கள் துண்டை வீசிக் கத்தினார்கள். தவசி பதிலுக்குக் கையை ஆட்டினான். மங்கை ஆட்டவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

"அது என்னாலதாங்க ஒடஞ்சுச்சு. ரெண்டாயிரம் தடவை தூக்கித் தூக்கி எறக்குனது நான்தான்."

தவசி அவள் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தான். "ரெண்டாயிரம் தடவையும் இங்கன நின்னு வாங்குனவன் நான்தான?" என்றான். "ஒரு தடவையாச்சும் போதும்னு சொன்னேனா? உன் போன் வருமேன்னு நின்னேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் இன்னும் ஆள் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"திரும்பிப் போக எத்தனை நாள் ஆகுங்க?"

"ஏரி நாளைக்குள்ள அடங்கிரும். பாலம் வடிய ரெண்டு நாள், மூணு நாள் ஆகும்."

"ஏரி இன்னைக்கே வடியட்டும்" என்றாள் மங்கை. "பாலம் மெதுவா வடியட்டும்."